பதினொரு அட்டையும் ஒரு துவக்கும்: மன்னாரிலிருந்து துப்பாக்கிச் சட்டத்தை வாசித்தல்

2025 ஜனவரி 16, வியாழக்கிழமை காலை. மன்னார் நீதிமன்றத்துக்கு முன்னால், வழக்குக்காக வந்து நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, அதிலேயே போனார்கள். இரண்டு பேர் உயிரிழந்தார்கள், வேறு இரண்டு பேர் காயப்பட்டார்கள். அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த முதல் கேள்வி “யார் செத்தது?” என்பதுதான். இரண்டாவது கேள்வியை எங்களில் ஒருத்தி கேட்டாள்: “இவ்வளவு சென்றியும் செக்கிங்கும் உள்ள ஊருக்குள்ள துவக்கு எங்கயிருந்து வருது?”

ஒரு மாதம் கழிந்து சில நாட்களில், பெப்ரவரி 19 அன்று, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில், விசாரணைக் கூண்டில் நின்ற ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி வேடத்தில் வந்தவர். துவக்கு உள்ளே வந்த விதம்தான் எல்லாரையும் வாய்பிளக்க வைத்தது. சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களைத் துவக்கின் அளவுக்கு வெட்டி, அந்தக் குழிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான படிமத்தை யாரும் செய்து தர முடியாது. சட்டப் புத்தகத்துக்குள் ஒரு துவக்கு. சரி, அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம் என்று உட்கார்ந்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. எங்களுடைய கேள்வி இவ்வளவுதான்: இந்த நாட்டில் யார் துவக்கு வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்லுகிறது? அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு மன்னாரில் எந்தத் துவக்குத் தெரிந்தது, எது தெரியாமல் போனது?

1916

இலங்கையில் துவக்குகளை இன்றைக்கும் ஆளுகிற அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம். நூறு வயது தாண்டிவிட்டது. இடையில் பல தடவை திருத்தினார்கள், ஆனால் எலும்புக்கூடு அதேதான்.

அது வந்த காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. முந்தின வருடம், 1915 மே மாதக் கடைசியில், கண்டிப் பக்கம் சிங்கள முஸ்லிம் கலவரம் தொடங்கிப் பல இடங்களுக்கும் பரவியது. ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். பஞ்சாபிப் படையினரை இறக்கினார்கள். ஹென்றி பெத்ரிஸ் கொழும்பு நகர்க் காவல் படையின் இளம் அதிகாரி. அரசாங்கமே கையில் துவக்குக் கொடுத்த ஆள். அவரை 1915 ஜூலை 7 அன்று அதே அரசாங்கம் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் சுட்டுக் கொன்றது. இந்த அடக்குமுறைக்கு எதிராகச் சட்டசபையில் உரத்துப் பேசியவர் பொன்னம்பலம் இராமநாதன்.

அடுத்த வருடம் துப்பாக்கிச் சட்டம் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நேர்கோடு கீறிக் காட்டுவது எங்கள் நோக்கம் இல்லை. ஆனால் ஒரு பேரரசு தன் குடிமக்களைப் பார்த்துப் பயந்துபோயிருந்த காலம் அது என்பதை மறக்க முடியாது.

இன்னொரு விசயம். பிரித்தானியா தன் சொந்த மக்கள் துவக்கு வைத்திருக்கப் பொலிசின் அனுமதி வேண்டும் என்று விரிவான சட்டம் போட்டது 1920இல். எங்களுக்கு நாலு வருடம் முந்தியே போட்டாயிற்று. கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருந்தது. அதில் ஐரோப்பியர்களுக்கு அனுமதிப் பத்திரத்திலிருந்து விலக்கு, இந்தியர்களுக்குக் கட்டாயம். அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பதை 1791இலிருந்து அரசியலமைப்பு உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். இங்கே அது ஒருநாளும் உரிமையாக இருந்ததில்லை. அரசு தருகிற, அரசு திருப்பி எடுக்கிற ஓர் அனுமதி. துவக்கை உரிமை ஆக்க வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. அனுமதி யாருக்குக் கிடைத்தது என்பதுதான் எங்கள் விசயம்.

பதினொரு அட்டை

துவக்கு என்றால் என்ன? சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று நினைப்போம். சட்டம் அப்படி விடவில்லை. குழல் உள்ள ஓர் ஆயுதத்திலிருந்து புறப்படுகிற சன்னமோ ரவையோ, பதினொரு வைக்கோல் அட்டைகளைத் துளைத்துக்கொண்டு போகிற அளவுக்கு விசையாக இருந்தால் அது துவக்கு. ஒவ்வோர் அட்டையும் அங்குலத்தில் 64இல் 3 பங்கு தடிப்பு. அட்டைக்கும் அட்டைக்கும் இடையில் அரை அங்குல இடைவெளி. முதலாவது அட்டை குழல் வாயிலிருந்து 15 அடி தூரத்தில்.

இதை வாசித்துவிட்டு முதலில் சிரித்தோம். பிறகு கொஞ்சம் மரியாதையும் வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல், அளந்து, எண்ணி, ஒரு பொருளுக்கு வரைவிலக்கணம் கொடுத்திருக்கிறார்கள். பத்து அட்டையோடு நின்றால் நீ தப்பினாய், பதினொன்றைத் துளைத்தால் அனுமதிப் பத்திரம் எடு. இந்த நுணுக்கத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

அதே சட்டத்தில் விதிவிலக்குகளும் உண்டு. அரசாங்கத்துக்குச் சொந்தமான ஆயுதங்களும், கடமையில் இருக்கிற படையினர், பொலிசார் கையில் உள்ளவையும் இந்த அனுமதிப் பத்திர முறைக்குள் வராது. எந்த நாட்டிலும் இப்படித்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மன்னாரின் கடந்த நாற்பது வருடத்தை எடுத்துப் பார்த்தால், கதையின் பெரும்பகுதி இந்த விதிவிலக்குக்குள்தான் கிடக்கிறது.

கச்சேரிக்குப் போகிற துவக்கு

சாதாரண ஆளுக்குத் துவக்கு எப்படிக் கிடைக்கும்? இரண்டு வழி. உயிருக்கு ஆபத்து என்று தற்காப்புக்குக் கேட்டால் அது பாதுகாப்பு அமைச்சின் கையில். பயிரைக் காப்பாற்ற என்று வேட்டைத் துவக்குக் கேட்டால் அது மாவட்டச் செயலாளரின் கையில், அதாவது எங்கள் வாயில் இன்னும் இருக்கிற சொல்லில் கச்சேரியில். வயல் இருக்கிறதா, பயிருக்குச் சேதம் வருகிறதா, ஆள் எப்படிப்பட்டவர் என்று கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பொலிஸ் எல்லாம் எழுதித் தர வேண்டும். 1963இல் தலைமைக்காரர் முறையை ஒழிக்கும்வரை ஊருக்கும் கச்சேரிக்கும் நடுவில் நின்றவர் விதானையார். அவருடைய முகம் கோணினால் உன் விண்ணப்பமும் கோணும்.

கிடைத்த பிறகும் அது நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு வருடமும் டிசெம்பர் 31உடன் அனுமதி முடிகிறது. ஒக்டோபரிலிருந்து அதற்குள் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதங்கள் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் காலபோகம் விதைத்து, இரவில் பன்றிக்குக் காவல் இருக்கிற மாதங்கள். ஒரு கமக்காரன் சேற்றுக் காலோடு கச்சேரிக்கு ஏறி இறங்கித்தான் தன் துவக்கைச் சட்டப்படி வைத்திருக்கலாம்.

அது கிடைக்காதவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. இடியன் துவக்குச் செய்யத் தெரிந்த கொல்லர்கள் வன்னிப் பக்கம் இருந்தார்கள். பாதையில் கம்பி கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு, சாப்பாட்டுக்குள் மறைத்து வைக்கிற பன்றிவெடி என்று எல்லாம் வந்தன. பன்றிக்கு வைத்தது யானைக் கன்றின் வாயைக் கிழித்ததும், விறகுக்குப் போனவர்களின் காலை எடுத்ததும் இன்றைக்கும் பத்திரிகையில் வருகிற செய்திகள்தான்.

எங்கள் குழுவில் ஒருத்தியின் அப்பப்பாவிடம் சட்டப்படியான ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல். 1985இல் ஒரு இரவு இயக்கப் பெடியள் வந்து, “ஐயா, துவக்கைத் தாங்கோ, திருப்பித் தருவம்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எந்த இயக்கம் என்று அப்பம்மா இன்றைக்கும் சொல்வதில்லை. அந்த நாட்களில் வடக்கின் ஊர்களில் உரிமம் பெற்ற துவக்குகள் இப்படித்தான் வீடு வீடாகப் போயின.

துவக்குத் தொலைந்தால் பொலிசில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இப்போது அப்பப்பாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். பொலிசுக்குப் போய் “இயக்கம் எடுத்துக்கொண்டு போட்டுது” என்று சொன்னால், கொடுத்தவன் என்று பிடித்து வைப்பார்கள். சொன்னது இயக்கத்துக்குத் தெரிந்தால் அது வேறு கதை. சொல்லாமல் விட்டால் சட்டப்படி குற்றவாளி. அவர் சொல்லவில்லை. 1990இல் வள்ளத்தில் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழ்களோடு துவக்கின் அனுமதிப் பத்திரமும் பொலித்தீன் பையில் போனது. துவக்கு இல்லை, கடதாசி இருக்கிறது. “கடதாசியை விட்டிராத, நாளைக்குக் கேப்பாங்கள்” என்பாராம். கடைசிவரைக்கும் யாரும் கேட்கவில்லை.

சட்டம் பெருத்த காலம்

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 48ஆம் இலக்கம், பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கும். 1982இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். பாதுகாப்பு வலயம் என்று அமைச்சர் அறிவித்த இடத்தில் அனுமதியில்லாமல் துவக்கு வைத்திருந்தால், அது இனிப் பன்றி சுடுகிற கமக்காரனின் குற்றம் இல்லை, பயங்கரவாதக் குற்றம். 5 முதல் 20 வருடம் வரைக்கும் சிறை. பொலிஸ் உதவி அத்தியட்சகருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சி.

இவ்வளவு இறுக்கமான சட்டம் இருந்த மாவட்டத்தில்தான் 1984 டிசெம்பர் 4 நடந்தது. இராணுவ வாகனம் ஒன்று கண்ணிவெடியில் சிக்கிய பிறகு, படையினர் மன்னார் மதவாச்சி வீதி நெடுகப் போய்க் கண்ணில் பட்ட பொதுமக்களைச் சுட்டார்கள். பஸ்ஸில் வந்தவர்கள், வயலில் நின்றவர்கள், முருங்கன் தபால் நிலைய ஊழியர்கள். சுமார் நூறு பேர். அந்த மாதம் 13ஆம் திகதி மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். 1985 ஜனவரி 6 அன்று வங்காலையில் பங்குத் தந்தை மேரி பஸ்தியான் அடிகளார். சுட்ட துவக்குகள் எல்லாம் விதிவிலக்குக்குள் வருகிற துவக்குகள். பதினொரு அட்டைச் சோதனை அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

1985இல் இன்னொரு கதவு திறந்தது. அந்த வருடத்தின் 40ஆம் இலக்கச் சட்டத்தோடு துணைப் படைகளைத் திரட்ட வழி செய்தார்கள். ஊர்காவல் படை என்று சாதாரண கிராமத்தவர்களின் கையில் வேட்டைத் துவக்குகள் கொடுக்கப்பட்டன. ஒரு பக்கத்து ஊரில் துவக்கைப் பறிக்கிறார்கள், அடுத்த ஊரில் துவக்கைக் கொடுக்கிறார்கள். பிறகு படைகளோடு சேர்ந்து இயங்கிய தமிழ்க் குழுக்களுக்கும் ஆயுதம் வந்தது. கச்சேரிப் பதிவேட்டில் இவை ஒன்றும் ஏறியிருக்காது.

தொண்ணூறுகளில் மன்னார் இரண்டாகக் கிடந்தது. தீவு ஆமியின் பக்கம், மடுவும் மாந்தை மேற்கும் பெரும்பாலும் இயக்கத்தின் பக்கம். நடுவில் உயிலங்குளம் சோதனைச் சாவடி. அந்த வழியாகப் பற்றரி கொண்டுபோக முடியாது. யூரியா முடியாது. சீமெந்து முடியாது. ஏனென்றால் எல்லாம் ஆயுதம் ஆகலாம். தீவில் இருப்பவர் வெளியே போகப் பாஸ், கடலுக்குப் போகப் பாஸ். இப்போது அந்தப் பதினொரு அட்டைக்குத் திரும்புவோம். துவக்கு எது என்று அங்குலத்தின் 64இல் 3 பங்குவரை அளந்து சொன்ன அரசு, ரோர்ச் லைட் பற்றரியையும் ஆயுதமாகப் பார்க்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவசர காலம் என்றால் வரைவிலக்கணங்கள் கரைந்துபோகும் என்பதை எங்கள் அம்மாமார் புத்தகம் வாசித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உயிலங்குளத்தில் பை திறந்து காட்டித்தான் தெரிந்துகொண்டார்கள்.

எங்கட துவக்கு

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை வசதியாக முடிந்துவிடும். ஆனால் அது பொய்யாகிவிடும்.

1990 ஒக்டோபர் கடைசியில், விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் உட்பட மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்கள் ஒரு சில நாட்களில் வெறுமையாகின. பலரும் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். எங்கள் குழுவில் புத்தளம் முகாமில் வளர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சொன்னது: “எங்கட உம்மாவுக்கு ஆமியிட துவக்கும் இயக்கத்துட துவக்கும் ஒண்டுதான். ரெண்டும் வீட்டுக்கு வெளிய நிண்டுதான் கதைச்சது.”

இதைக் கேட்ட பிறகு ‘எங்கட துவக்கு’, ‘அவங்கட துவக்கு’ என்று பிரித்து எழுத எங்களால் முடியவில்லை. அரசின் துவக்குச் சட்டத்துக்கு மேலே நின்றது. இயக்கத்தின் துவக்குச் சட்டத்துக்கு வெளியே நின்றது. இரண்டும் பதில் சொல்லத் தேவையில்லாத துவக்குகள்.

கீழே வைக்கச் சொன்ன நாட்கள்

ஆயுதத்தைக் கீழே வை என்ற கட்டளைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தம், போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்து 72 மணித்தியாலத்துக்குள் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது. ஊர்காவல் படையைக் கலைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஓகஸ்ட் 5 அன்று பலாலியில் சடங்காக ஆயுதம் கையளிக்கப்பட்டது. ஒக்டோபர் 10 அன்று புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் சண்டை தொடங்கிவிட்டது. ஊர்காவல் படையும் ஒழியவில்லை. 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று பெயர் மாறியது.

2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கை, தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களை 30 நாட்களுக்குள் அரசு நிராயுதபாணிகளாக்க வேண்டும் என்றது. கண்காணிப்புக் குழுவின் அலுவலகம் மன்னாரிலும் இருந்தது. போர் முடிந்த பிறகு அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, சட்டவிரோத ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களைக் களையச் சொல்லி மறுபடி பரிந்துரைத்தது. 2002இல் 30 நாட்களில் முடிய வேண்டிய வேலையை 2011 அறிக்கை திரும்பக் கேட்கிறது என்றால், இடையில் என்ன நடந்தது என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

சட்டத்தில் தண்டனை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், துவக்கைப் பாவித்துச் செய்கிற குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்றது. இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை. எழுத்தில் கயிறு, நடைமுறையில் மோட்டார் சைக்கிள்.

2024 கடைசியில் புதிய அரசாங்கம் தற்காப்புக்காகக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக நவம்பர் 7க்குள் ஒப்படைக்கச் சொன்னது. நல்ல விசயம், வரவேற்கிறோம். ஆனால் ஒரு சிரிப்பும் வந்தது. இந்த அரசாங்கத்துக்குத் தலைமை தாங்குகிற ஜே.வி.பி., 1987–89 காலத்தில் தெற்கில் வீடு வீடாகப் போய் உரிமம் பெற்ற துவக்குகளைப் பறித்த கட்சி. தெற்கிலும் எத்தனையோ அப்பப்பாக்களிடம் துவக்கு இல்லாத கடதாசி இருந்திருக்கும். இந்த ஒரு விசயத்தில் வடக்கும் தெற்கும் உட்கார்ந்து கதைக்கலாம்.

பதிவேட்டைத் திறக்கச் சொல்லுவோம்

அப்படியென்றால் நீங்கள் என்னதான் கேட்கிறீர்கள் என்று வாசகர்கள் கேட்கலாம்.

துவக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. சட்டம் தளர வேண்டும் என்றும் கேட்கவில்லை. அப்பப்பாவின் ஒற்றைக்குழல் துவக்குக்கு ஒரு பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. யாருடையது, எதற்காக, எந்த வருடம்வரை என்று. அரசு அவ்வளவு ஒழுங்காக எழுதி வைக்கிற அரசு. அப்படிப்பட்ட அரசு தன் படைமுகாம்களில் எந்தத் துவக்கு எந்த நாளில் யார் கையில் போனது என்று எழுதாமல் விட்டிருக்குமா? ஆயுதக் களஞ்சியம் உள்ள எந்தப் படையும் அந்தக் கணக்கை வைத்திருக்கும். ஊர்காவல் படைக்குக் கொடுத்தவை, குழுக்களுக்குக் கொடுத்தவை, திரும்பி வந்தவை, வராதவை. நீதிமன்ற வாசலில் வெடிக்கிற துவக்கு எங்கயிருந்து வருது என்று எங்கள் தோழி கேட்ட கேள்விக்கான பதிலின் ஒரு பகுதியாவது அந்தக் கணக்கில் கிடக்கலாம். 1984 டிசெம்பர் 4க்கான பதிலும் கிடக்கலாம்.

1916இல் போட்ட சட்டம், உன்னிடம் என்ன துவக்கு இருக்கிறது என்று குடிமகனைக் கேட்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. சரியாக நூறு வருடம் கழித்து, 2016இல், 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அது குடிமகன் அரசைக் கேட்கிற சட்டம். தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கு அதிலும் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள். ஆனாலும் மறுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். அந்த மறுப்புக் கடிதமும் ஒரு பதிவுதான்.

எங்கள் விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட்டோம். முதலாவது கேள்வி 2002 உடன்படிக்கையின்படி மன்னார் மாவட்டத்தில் திரும்பப் பெறப்பட்ட துவக்குகளின் எண்ணிக்கை. அப்பம்மா அந்தப் பழைய அனுமதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துத் தந்திருக்கிறா. அவர்கள் கேட்கவில்லை, பரவாயில்லை, நாங்கள் கேட்கிறோம்.